லோடு ஏற்றுகிற சைட் எது?

2005 வாக்கில் ஷேர்டு ஹோஸ்டிங் சர்வர் ஒன்று திணறினால், அதில் குடியிருந்த நூற்றுக்கணக்கான சைட்டும் சேர்ந்தே திணறும். ஒண்டுக்குடித்தனத்துக்கு மொத்தமாக ஒரே ஃபியூஸ் போட்ட கதைதான். எந்த போர்ஷனில் அதிகம் இழுக்கிறார்கள் என்று வெளியில் நின்று சொல்ல முடியாது. காரணம், பிஎச்பி அப்போது அப்பாச்சி வெப் சர்வருக்குள்ளேயே ஒரு மாட்யூலாக ஓடியது. யாருடைய சைட்டாக இருந்தாலும் அதன் நிரல் 'நோபடி' என்கிற ஒரே பயனர் பெயரில்தான் ஓடும். ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் 'டாப்' கட்டளை கொடுத்தால் எச்டிடிபிடி, எச்டிடிபிடி என்று திரை முழுக்க அப்பாச்சியின் ஒரே முகம்.

ஒவ்வொரு சைட்டையும் அதன் உரிமையாளர் பெயரிலேயே ஓட்டும் வழி அப்போதும் இல்லாமல் இல்லை. சுஎக்ஸெக் 1990களிலேயே வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஒரு ப்ராசஸ் எழுந்து விழ வேண்டும். வேகம் போய்விடும் என்று பலர் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆகவே தேடல். அமெரிக்க ஹோஸ்டிங் நிறுவனங்களுக்காகக் கொச்சியிலும் சென்னையிலும் இரவு ஷிப்ட் பார்த்தவர்களுக்கு இது அன்றாடப் பிழைப்பு. அமெரிக்காவில் பகல் என்றால் நமக்கு நடுநிசி. லோடு 80 என்று காட்டும். சிபியூவைப் பார்த்தால் பாதி சும்மா கிடக்கும். புதிதாகச் சேர்ந்தவர் குழம்பிப்போவார். லினக்ஸில் லோடு என்பது சிபியூவுக்கு வரிசையில் நிற்பவர்களை மட்டும் எண்ணுவதில்லை, டிஸ்க்குக்காகக் காத்து உறைந்து நிற்பவர்களையும் சேர்த்தே எண்ணுகிறது. மெமரி தீர்ந்து ஸ்வாப்புக்குப் போய்விட்ட சர்வரில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் தோன்றவே சில நொடிகள் ஆகும். முதலில் அப்பாச்சியை நிறுத்தி, சர்வருக்கு மூச்சு வந்த பிறகு மறுபடி கிளப்பி, கூட்டம் எங்கே சேர்கிறது என்று பார்ப்பதே வழக்கம்.

பார்ப்பதற்கு அப்பாச்சியின் ஸ்டேட்டஸ் பக்கம் இருந்தது. அப்பாச்சியின் வேலையாள் (வொர்க்கர்) ஒருவருக்கு ஒரு வரி: எந்த நிலையில் இருக்கிறார், எத்தனை நொடியாக, எந்த முகவரிக்கு, எந்த சைட்டின் எந்தப் பக்கத்தை. பதில் அனுப்பிக்கொண்டிருப்பவருக்கு 'டபிள்யூ' என்ற எழுத்து விழும். அந்த எழுத்து வரிசையாக விழுந்து, நொடிக்கணக்கு நூறைத் தாண்டி, எதிரே ஒரே சைட் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் ஆள் அகப்பட்டான்.

அங்கே தெரியாவிட்டால் மைஎஸ்க்யூஎல்லின் ப்ராசஸ் பட்டியல். மைஐசாம் டேபிள்களின் காலம் அது. ஒருவர் எழுதினால் டேபிள் முழுவதும் பூட்டிக்கொள்ளும். ஐம்பது வரிகள் 'லாக்டு' என்று காத்து நிற்கும். கைதேர்ந்தவர்கள் அந்த ஐம்பதையும் படிக்க மாட்டார்கள். பூட்டப்படாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒற்றை வரியைத் தேடுவார்கள். சிபேனல் சர்வராக இருந்தால் டேட்டாபேஸ் பெயருக்கு முன்னால் அக்கவுன்ட் பெயர் ஒட்டியிருக்கும். அதுவே வீட்டு விலாசம். கடைசியாக அணுகல் லாக்: முதல் பத்தியில் இருக்கும் ஐபி முகவரிகளை எண்ணி அடுக்கினால், யாராவது ஒருவர் பல்லாயிரம் தடவை வந்து போயிருப்பது பளிச்சென்று தெரியும். அந்த முகவரியை மறித்தால் முடிந்தது.

இதில் ஒரு நன்மையும் இருந்தது. தேடிக் கண்டுபிடித்தவருக்குக் காரணமும் கையோடு தெரிந்திருக்கும். "உங்கள் ஃபோரம் டேபிளில் இன்டெக்ஸ் இல்லை, தேடல் பக்கம்தான் உயிரை எடுக்கிறது" என்று சைட்காரருக்கு எழுத முடிந்தது. சஸ்பெண்ட் செய்துவிட்டுத்தான் எழுதுவார்கள், அது வேறு.

2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.24 கெர்னலில் சிகுரூப் வசதி சேர்ந்தது. கூகுள் பொறியாளர்கள் தொடங்கிய வேலை அது. ப்ராசஸ்களைக் குழுவாக்கி, குழுவுக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்கலாம். 2010இல் கிளவுட்லினக்ஸ், ஹோஸ்டிங் அக்கவுன்ட் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கூண்டில் அடைக்கத் தொடங்கியது. அதே ஆண்டு, பிஎச்பியை அப்பாச்சிக்கு வெளியே தனி ப்ராசஸ்களாக ஓட்டும் எஃப்பிஎம், பிஎச்பி 5.3.3 உடன் சேர்ந்து வந்தது. சைட்டுக்கு ஒரு பூல், அதற்கு உரியவரின் பெயர். இன்று 'டாப்' கொடுத்தால் அக்கவுன்ட் பெயரே முதல் வரியில் நிற்கிறது. அரை மணி நேர வேட்டை ஒரு பார்வையில் முடிகிறது. பெரும்பாலும் பார்க்கவே தேவையில்லை. லிமிட்டைத் தொட்டவர் தன் கூண்டுக்குள் மூச்சு முட்டுவார், பக்கத்து வீட்டுக்குச் சத்தம்கூடக் கேட்காது. பொதுவில் கிடக்கும் டேட்டாபேஸ் சர்வர்தான் இன்னும் சில இடங்களில் பழைய கதையைக் காட்டுகிறது.

நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிம்மதி சர்வர்காரருடையது. மற்றவர் யாரும் புகார் செய்யாதபோது காரணத்தைத் தோண்டும் அவசரமும் அவருக்கு இல்லை. சைட்காரருக்குக் கிடைப்பது 508 என்ற எண்ணும், லிமிட் முடிந்துவிட்டது என்ற வாசகமும், பெரிய பிளானுக்கு மாறச் சொல்லும் பதிலும். நிரல் எந்தக் கோப்பில் எந்த வரியில் நின்றுவிட்டது என்று எஃப்பிஎம்மின் ஸ்லோ லாக் சொல்லும். அதை வாடிக்கையாளர் பார்க்க எல்லா இடத்திலும் விடுவதில்லை. 'யார்' என்ற கேள்வியை இயந்திரத்திடம் விட்டபோது 'ஏன்' என்ற கேள்வி ஆளில்லாமல் போனது என்பதே என் குறை.

அந்தக் கேள்விதான் இப்போது கனத்திருக்கிறது. ஏஐ நிறுவனங்களின் கிராலர்கள் வந்தபின் நிலவரம் வேறு. ஜிபிடிபாட் பற்றி ஓப்பன்ஏஐ அறிவித்தது 2023 ஆகஸ்டில். அதுபோல் பெயர் சொல்லிக்கொண்டு வருபவற்றை மறிப்பது எளிது. பெயர் சொல்லாமல் வருபவைதான் தொல்லை. பத்தாயிரம் ஐபி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே ஒரு கோரிக்கை. முதல் பத்தியை எண்ணினால் எல்லோருக்கும் ஒன்று, ஒன்று, ஒன்று என்றே வரும். எண்ண வேண்டியது ஏழாவது பத்தியை, கேட்கப்பட்ட பக்கத்தின் முகவரியை. கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை எல்லாம் வெட்டிவிட்டு எண்ணிப் பார்த்தால், ஆன்லைன் கடைகளில் நிறம், அளவு, விலை என்று வடிகட்டும் பக்கமும், பொருளைக் கூடையில் போடும் இணைப்பும் மேலே வந்து நிற்கும். கேஷில் நிற்காத பக்கங்கள் இவை. ஒவ்வொரு அழைப்புக்கும் டேட்டாபேஸ் வரை போய்வர வேண்டும். கூடையில் போடுகிற பாட் எதுவும் இதுவரை காசு கட்டியதில்லை.