மூன்றாம் நாள் கையைக் காட்டுங்கள்!

உங்கள் வீட்டில் யாருக்காவது மூட்டுவாதம் முற்றி, விரல்கள் கோணி, காலையில் தேநீர்க் கோப்பையைக்கூடத் தூக்க முடியாமல் இருக்கிறதா? கவலை வேண்டாம். செலாயாங் போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மூட்டுவாதத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. புதிய ஊசி மருந்துகளும் உண்டு. ஆனால் அவற்றைத் தொடங்குமுன் டாக்டர், "முதலில் காசநோய்ச் சோதனை செய்வோம்" என்பார். "எனக்கு இருமலே இல்லையே, இது எதற்கு?" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், தாய்மார்களே!

காரணம் இதுதான். காசநோய்க் கிருமி உடம்பில் புகுந்தாலும் பெரும்பாலோர் நோயில் விழுவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிருமியைச் சுற்றி வேலி கட்டிவிடுகிறது. சிறுவயதில் தோட்டத்து லயத்தில், இருமும் தாத்தாவின் மடியில் வளர்ந்தவர் உடம்பில் அது நீறு பூத்த நெருப்பாகப் பல்லாண்டு கிடக்கலாம். மூட்டுவாத மருந்தோ, அந்த எதிர்ப்புச் சக்தியையே தணிக்கிறது. வேலி சாய்ந்தால் நெருப்பு மூளும். இன்ஃபிளிக்சிமேப் என்ற மருந்து பெற்ற 70 பேருக்குக் காசநோய் கண்டதை 2001-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டார்கள்.

சோதனை எளிது. 1908-இல் பிரெஞ்சு டாக்டர் மாந்தூ எழுதிக் காட்டிய முறை இது. முன்னங்கைத் தோலுக்குள் சிறு ஊசி போடுவார்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளப்பார்கள். சிவப்புக்குக் கணக்கில்லை, தடிப்புக்கே கணக்கு. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு 5 மில்லி மீட்டரே போதும்.

பலர் தவறுவது இங்கேதான். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று திரும்பிப் போவதில்லை. திங்களன்று ஊசி போட்டால், புதனோ வியாழனோ கையைக் காட்டியே ஆகவேண்டும். பார்க்காத ஊசி, போடாத ஊசிதான்!

கை தடித்தால் அவமானமா? இல்லவே இல்லை. தூங்கும் கிருமி பிறருக்குத் தொற்றாது. குழந்தையில் போட்ட பி.சி.ஜி. ஊசியாலும் தடிக்கலாம். டாக்டர் எக்ஸ்ரே எடுப்பார்; தேவையானால் இரத்தமும் சோதிப்பார். தூங்கும் கிருமிதான் என்று தெரிந்தால், சில மாதம் மாத்திரை தந்து நெருப்பை அணைத்துவிடலாம்.

ஒன்றை மறைக்காதீர்கள். குடும்பத்தில் யாருக்கேனும் காசநோய் இருந்ததா? ஏற்கெனவே ஸ்டெராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரை தடிப்பை வரவிடாமல் ஏமாற்றிவிடும். மருந்து தொடங்கிய பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, மாலைக் காய்ச்சலோ, உடல் மெலிவோ கண்டால் உடனே ஓடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியானாலும், கிள்ளான் பக்கத்துத் தோட்டமானாலும் சொல்வது ஒன்றே: ஒரு நாள் சம்பளம் பிறகும் வரும். மூன்றாம் நாள் கையைக் காட்டுங்கள்!