ஹார்ட் டிஸ்க் சாகவில்லை, தொடர்புதான் விட்டுப்போனது!

தாராவியில் எங்கள் சாலில் மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் தம்பி ஒருவர், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கூரியர் கம்பெனியில் பார்சல் பிரிக்கும் வேலை அவருக்கு. இரவு ஷிப்ட் முடிந்து வந்த முகம். கையில் துண்டால் சுற்றிய ஒரு கறுப்புப் பெட்டி.

"அண்ணாச்சி, இது செத்துப்போச்சுன்னு கடையில சொல்லிட்டாங்க. நீங்க ஒருதரம் பாருங்களேன்" என்றார்.

பெட்டி, பிளேஸ்டேஷன் 4. டி.வி.யில் மாட்டி விளையாடும் கருவி. 2013-ல் வெளிவந்த முதல் மாடல். தம்பியின் அண்ணன் பழையதாக வாங்கியது. அண்ணன் இப்போது துபாயில் இருக்கிறார். அவர் போவதற்கு முன் இருவரும் சேர்ந்து கால்பந்து விளையாட்டில் ஓர் அணியை மூன்று வருடம் கட்டி வளர்த்திருக்கிறார்கள். அத்தனையும் அந்தப் பெட்டிக்குள்ளே ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது.

புது டிஸ்க் போட வேண்டும், கூலியோடு 5,500 ரூபாய் ஆகும், பழையதில் இருந்தது எதுவும் திரும்ப வராது என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

"காசு கூடப் பரவாயில்ல அண்ணாச்சி. அந்த டீம் போயிரும்லா!"

நான் மெக்கானிக் அல்ல; ரயில்வேயில் குமாஸ்தா. ஆனால் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பூட்டும் கிறுக்கு பத்து வருடமாக உண்டு. சம்பளம் வாங்கினால் லாமிங்டன் ரோடு பக்கம் ஒரு நடை போய் வராவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தத் தைரியத்தில் பெட்டியை வாங்கி வைத்தேன்.

திரையில் வந்த செய்தி இதுதான்: கருவியைத் தொடங்க முடியவில்லை, சேமிப்பகத்தை அணுக முடியவில்லை. குறி எண் சி.இ.-34335-8. கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். திரையில் இருந்ததைப் படித்தார், அவ்வளவுதான். டிஸ்க் தென்படவில்லை என்றுதான் அந்த எண் சொல்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 5,500 ரூபாய்!

எங்கள் இலாகாவில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். எஞ்சின் நன்றாக இருக்கிறது, பெட்டியும் நன்றாக இருக்கிறது. கப்ளிங் விட்டுப்போனால் வண்டி நகராது. அதற்காகப் பெட்டியை மாற்றுவார்களா?

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். பொங்கலுக்கு ஊருக்கு எடுத்துப் போய்த் திரும்பி வந்ததிலிருந்து என்றார். முதலில் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. பெட்டியை எடுத்து வேறு இடத்தில் வைத்தால் வரும். பிறகு அடியோடு நின்றுவிட்டது. அசைத்தால் வருவதும் போவதுமாக இருந்தால் முதல் சந்தேகம் இணைப்பின் மேல்தான் விழ வேண்டும். ரயிலில் அத்தனை தூரம் ஆடி வந்த பெட்டி அல்லவா?

திறந்து பார்த்தபோது

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கையில் இருக்கும் நிலைமின்சாரம் போக, ஓர் இரும்புச் சாமானைத் தொட்டுக்கொள்வதும் நல்லது. இந்த மாடலில் மேல்மூடியின் பளபளப்பான பகுதியை உள்ளங்கையால் அழுத்தி வெளிப்பக்கமாகத் தள்ளினால் கழன்று வரும். ஸ்குரு எதையும் தொட வேண்டாம். உள்ளே ஒரு தகட்டுத் தட்டில் ஹார்ட் டிஸ்க் உட்கார்ந்திருக்கும். தட்டைப் பிடித்திருப்பது ஒரே ஒரு பெரிய ஸ்குரு. அதன் தலையில் முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம் என்று கைப்பிடியில் உள்ள அதே அடையாளங்கள் இருக்கும்.

அந்த ஸ்குரு விரலால் திருகியே கழன்று வந்தது! யாரோ முன்பு கழற்றிவிட்டு இறுக்காமல் விட்டிருக்கிறார்கள். தட்டு ஒரு நூல் அளவு வெளியே நகர்ந்து நின்றது.

டிஸ்க்கின் முனையில் இரண்டு வரிசைத் தொடுப்புகள். சிறியதில் 7, பெரியதில் 15. சிறியது தகவலுக்கு, பெரியது மின்சாரத்துக்கு. இவை கருவிக்குள் உள்ள சாக்கெட்டில் முழுக்கப் பதிய வேண்டும். கொஞ்சம் விலகினால் போதும், டிஸ்க் சுற்றும், ஆனால் பேசாது. அல்லது சுற்றவே சுற்றாது. பம்பாய்க் கடல் காற்றும் மழைக்கால ஈரமும் வேறு. தொடுப்புகளில் மங்கலாக ஒரு பூச்சு படிந்திருந்தது.

உடனே திரும்ப மாட்டிவிடவில்லை. டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமே! சாட்டாவை யு.எஸ்.பி.யாக மாற்றும் கேபிளில் அதை என் லேப்டாப்பில் மாட்டினேன். சில நூறு ரூபாய்க் கேபிள்தான். டிஸ்க் மெதுவாகச் சுற்றியது. விரல் வைத்தால் துடிப்பு தெரிந்தது. 500 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் 465 என்று காட்டியது. இது திருட்டு அல்ல, கணக்கு முறை வேறு.

இங்கேதான் பலர் தவறி விடுகிறார்கள். பிளேஸ்டேஷன் டிஸ்க்கை கம்ப்யூட்டரால் படிக்க முடியாது. உள்ளே இருப்பதெல்லாம் பூட்டுப் போட்ட எழுத்து. ஆகவே "டிஸ்க்கை பார்மட் செய்யலாமா?" என்று விண்டோஸ் கேட்கும். "ஆம்" என்று தட்டினால் மூன்று வருட அணி ஒரே நிமிடத்தில் காலி. அதுபோலவே, பென் டிரைவில் மென்பொருளைப் போட்டுக் கொண்டுவா என்று கருவி கேட்டாலும் அவசரப்படக் கூடாது. முழு மென்பொருளை மறுபடி ஏற்றுவது டிஸ்க்கைத் துடைத்துவிட்டுத்தான் நடக்கும். பத்திரப் பட்டியலில் 5-வதாக உள்ள தகவல் தளச் சீரமைப்பு சேமித்ததை அழிக்காது. 6-ம் 7-ம் அழித்துவிடும்.

டிக், டிக் என்று டிஸ்க் அடித்துக்கொண்டால் அது வேறு சங்கதி. அதை மறுபடி மறுபடி ஓடவிடாமல், விஷயம் தெரிந்தவரிடம் கொடுப்பதே மேல். நல்ல டிஸ்க் ஒன்றைப் போட்டும் கருவி காணவில்லை என்றால் சாக்கெட்டிலோ போர்டிலோ கோளாறு. சால்டரிங் கைவந்தவர் வேலை அது. நானே தொட மாட்டேன். 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-க்கு இந்த வைத்தியம் எதுவும் பொருந்தாது. அதன் சேமிப்பு போர்டிலேயே ஒட்டியது.

மென்மையான பிரஷ்ஷில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் தொடுப்புகளைத் துடைத்தேன். சிலர் அழிரப்பரால் தேய்ப்பார்கள். துகள் சாக்கெட்டுக்குள் போய்விடும் என்பதால் எனக்கு அது பிடிக்காது. நன்றாகக் காய்ந்தபின் தட்டை நேராக உள்ளே தள்ளி, ஸ்குருவை இறுக்கினேன். வெறிபிடித்தாற்போல் இறுக்கவில்லை, அசையாதபடி அளவாகத்தான்.

பிளக்கைப் போட்டு ஸ்விட்சை அழுத்தினார் தம்பி. ஒரு பீப் சத்தம். டி.வி. கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது. அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு இரண்டு பேருடைய படங்களும் திரையில் வந்தன, அண்ணனுடையதும் தம்பியுடையதும்.

விளையாட உட்கார்ந்துவிட்டார். நான் விடவில்லை. முதலில் சேமித்த ஆட்டத்தைப் பென் டிரைவில் நகல் எடுக்கச் சொன்னேன். செட்டிங்ஸில் அதற்கு வழி இருக்கிறது. ஐந்து நிமிட வேலை.

நகல் ஏறிக்கொண்டிருக்கும்போதே துபாய்க்கு வீடியோ கால் போட்டுத் திரையைக் காட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் வார்த்தை: "ஏலே, அந்த கோல்கீப்பரை மட்டும் வித்திராதல!"