காசநோய்க்கு உடனடிப் பரிசோதனை

காசநோய் மருந்தால் குணமாகக்கூடியது. ஆனால் மருந்தைத் தொடங்குமுன் நோய் இன்னதென்று உறுதியாக வேண்டும். இன்று சளியைக் கொடுத்துவிட்டு முடிவுக்கு வேறொரு நாள் வரச் சொன்னால், அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவர் பல நேரங்களில் திரும்பி வருவதில்லை. அதற்குள் வீட்டிலுள்ளவர்களுக்கும் நோய் தொற்றிவிடலாம். நோயாளி காத்திருக்கும்போதே முடிவைச் சொல்லும், விலை குறைந்த சோதனை இதனால்தான் தேடப்படுகிறது.

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை இராபர்ட் கோக் 1882இல் அறிவித்தார். சளிக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் முறை அக்காலத்தில் தோன்றி, இன்றும் வழக்கில் உள்ளது. செலவு மிகக் குறைவுதான். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் கண்ணுக்குத் தென்படும். குழந்தைகள், எச்.ஐ.வி. தொற்றுள்ளோர் ஆகியோரின் சளியில் கிருமிகள் குறைவு. அவர்களுக்கு நோய் இருந்தும் ‘இல்லை’ என்றே முடிவு வரக்கூடும். ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும்.

விரைவாக முடிவு தருவதாகச் சொல்லி, இரத்தத்தில் எதிர்ப்பொருள்களைத் தேடும் சோதனைகளும் விற்கப்பட்டன. நோயற்றவருக்கு நோய் இருப்பதாகவும், நோயாளிக்கு இல்லை என்றும் அவை காட்டின. அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என உலக சுகாதார அமைப்பு 2011இல் அறிவித்தது. இந்தியா 2012இல் தடை செய்தது. தவறான சோதனை, சோதனையே இல்லாததைவிடக் கேடு.

உண்மையான முன்னேற்றம், கிருமியின் மரபுப்பொருளைப் பெருக்கிக் காட்டும் கருவிகளால் வந்தது. 2010இல் பரிந்துரைக்கப்பட்ட ஜீன்எக்ஸ்பெர்ட் இரண்டு மணி நேரத்துக்குள் நோயையும், ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடும். ஆனால் அதற்குத் தடையற்ற மின்சாரமும் அதிக வெப்பமில்லாத அறையும் தேவை. ஏழை நாடுகளுக்கான சலுகை விலையே ஒரு சோதனைக் குப்பிக்கு 9.98 டாலராக இருந்தது, 2023இல் 7.97 டாலராகக் குறைந்தது. ஐந்து டாலர் போதும் என்பது ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பின் நெடுநாள் கோரிக்கை.

இந்தியாவில் உருவான ட்ரூநாட் கருவி மின்கலத்தில் இயங்கும். மின்சாரம் நின்றுபோகும் சிற்றூர் நிலையங்களுக்கு ஏற்றது. 2020இல் உலக சுகாதார அமைப்பு இதற்கும் பரிந்துரை அளித்தது. ஆயினும் சளியைப் பக்குவப்படுத்தி, கருவியில் இடுவதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும்.

கருவியே வேண்டாத சோதனையும் உண்டு. சிறுநீரில் கிருமியின் உறைப்பொருளைத் தேடும் அட்டை 25 நிமிடத்தில் முடிவு தரும். எச்.ஐ.வி. தொற்றுள்ளோரில்கூடப் பாதிக்கும் மேற்பட்ட காசநோயாளிகளை அது தவறவிடுகிறது. எனினும் நோய் முற்றியவர்களுக்கு உடனே மருந்து தொடங்க உதவுவதால், உயிர்களைக் காத்திருக்கிறது.

சளியே வராதவர்களுக்காக, நாக்கைப் பஞ்சுக் குச்சியால் வழித்துச் சோதிக்கும் முறை இப்போது ஆராயப்படுகிறது. குழந்தைகளுக்கு இது எளிது. ஆனால் நாக்கில் கிருமிகள் சளியில் இருப்பதைவிடக் குறைவு என்பதால், கருவியின் உணர்திறன் இன்னும் கூட வேண்டியிருக்கிறது.