செப்புத் தகட்டில் திராவகம் தீட்டும் ஓவியம்

புது தில்லி: 'லிமிடெட் எடிஷன்' என்ற முத்திரையுடன் தலைநகரில் விற்கப்படும் வண்ணப் படங்களில் பல, கணினி அச்சுப் பொறியிலிருந்து வந்தவை. அவற்றில் ஓவியரின் கையொப்பம் இருக்கும், கைவேலை இருக்காது. செப்புத் தகட்டில் கோடு கீறி, திராவகத்தில் அரித்து, ஒவ்வொரு பிரதியையும் கையாலேயே அச்சிட்டு எடுக்கும் 'எட்சிங்' ஓவியமும் 'அச்சு' என்ற பெயரைச் சுமப்பதால், அதையும் நகல் என்றே வாங்குவோர் பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அதற்கு வேறு மூல ஓவியம் கிடையாது. தகட்டிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு தாளும் மூலமே.

செம்பில் பொறிப்பது தமிழருக்குப் புதிதன்று. ஆனால் நம் செப்பேடுகள் படிப்பதற்காகப் பொறிக்கப்பட்டவை. எட்சிங் தகடோ அச்சிடுவதற்கானது. அதில் இடப்பக்கம் உள்ளது தாளில் வலப்பக்கம் விழும்.

முதலில் தகட்டின் விளிம்புகள் அரத்தால் சரிவாக ராவப்படுகின்றன. இல்லையெனில் அழுத்தத்தில் தாள் கிழிந்துவிடும். சுண்ணத்தூளால் எண்ணெய்ப் பசை நீங்கத் தேய்த்துக் கழுவியபின், தேன்மெழுகு, குங்கிலியம், நிலக்கீல் கலந்த பூச்சு சூடான தகட்டின்மேல் மெல்லியதாகப் பரப்பப்படுகிறது. மெழுகுவர்த்திப் புகையில் காட்டினால் பூச்சு கறுத்து, ஊசியால் கீறும் கோடு செம்பு நிறத்தில் பளிச்சிடும். ஓவியர் செம்பை வெட்டுவதில்லை. பூச்சை மட்டுமே விலக்குகிறார். வெட்டுவது திராவகத்தின் வேலை.

பின்புறம் வார்னிஷ் பூசிய தகடு பெர்ரிக் குளோரைடு கரைசலில் இறக்கப்படுகிறது. நைட்ரிக் அமிலமும் செம்பை அரிக்கும். ஆனால் அப்போது எழும் செம்பழுப்பு ஆவி நுரையீரலுக்கு நஞ்சு. மெல்லிய கோட்டுக்குச் சில நிமிடங்கள் போதும். உடனே தகட்டை எடுத்துக் கழுவி, அக்கோடுகளை மட்டும் வார்னிஷால் அடைத்து, மற்றவை ஆழமாவதற்காக மீண்டும் இறக்க வேண்டும். கரைசலின் வலிமையும் அன்றைய வெப்பமும் இக்கணக்கை மாற்றிவிடும். தில்லியின் ஜனவரிக் குளிரில் சரியாக அமைந்த நேரம், மே மாத வெயிலில் தகட்டையே பாழாக்கிவிடலாம்.

பூச்சு நீக்கப்பட்ட தகட்டில் கெட்டியான மை தேய்க்கப்பட்டு, கஞ்சி போட்ட மெல்லிய துணியாலும் பின்னர் உள்ளங்கையாலும் துடைக்கப்படுகிறது. மேற்பரப்பில் மை போக வேண்டும். கோட்டின் பள்ளத்தில் நிற்க வேண்டும். ஓவியரின் கைப்பக்குவம் தெரிவது இங்கேதான். நீரில் நனைத்து ஒற்றியெடுத்த பருத்தித் தாளை அதன்மேல் விரித்து, கம்பளியால் மூடி, இரு உருளைகளுக்கிடையே செலுத்தினால், ஈரத்தாள் பள்ளத்துள் புகுந்து மையைக் கவ்வி எடுக்கும். ஒரு தாள் முடிந்ததும் மறுபடி மை, மறுபடி துடைப்பு. ஒரு நாள் உழைப்பில் கிடைப்பவை சில தாள்களே.

இந்தக் கலை இந்தியாவில் ஐரோப்பியரின் பார்வையாகத்தான் தொடங்கியது. ஆன்ட்வெர்ப் நகரைச் சேர்ந்த சோல்வின்ஸ், 1799-ல் கல்கத்தாவில் வெளியிட்ட 250 எட்சிங் படங்களில் இந்தியரின் தொழில், உடை, சாதி ஆகியவற்றைப் பட்டியலிட்டார். தாகூருடன் 1916-ல் பயணம் சென்ற முகுல் தே, சிகாகோவில் செப்புத் தகட்டு வேலையைக் கற்றுத் திரும்பி, 1928-ல் கல்கத்தா அரசு கலைப் பள்ளியின் முதல் இந்திய முதல்வரானார்.

தில்லியில் இதற்கு வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர் சோம்நாத் ஹோர். சிட்டகாங்கில் 1921-ல் பிறந்த அவர், 1943 வங்கப் பஞ்சத்தின் பட்டினிக் காட்சிகளைக் கம்யூனிஸ்ட் ஏடான 'ஜனயுத்தா'வுக்காக வரைந்தவர்; 1946-ல் தேபாகா விவசாயிகள் போராட்டத்தைச் சித்திரக் குறிப்புகளாகப் பதிவு செய்தவர். 1958-ல் தில்லி பாலிடெக்னிக்கின் கலைத் துறையில் அச்சோவியப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். பஞ்சத்தின் உடல்கள் அவரை விட்டு அகலவில்லை. தகட்டைக் கீறுவதும் அரிப்பதும் அவருக்குக் காயத்தின் மொழியாயிற்று. பின்னாளில் சாந்திநிகேதனில் படைத்த 'காயங்கள்' வரிசையில் பெரும்பாலும் மையே இல்லை. வெள்ளைக் காகிதக் கூழில் பிளவும் தழும்பும் மட்டுமே. 2006-ல் அவர் மறைந்தார்.

பல பிரதிகள் எடுக்க முடிவதால் விலை குறைந்து, நடுத்தரக் குடும்பத்தின் சுவருக்கும் எட்டக்கூடிய கலை இது. ஆனால் அச்சுப் பொறி கனமானது, விலை மிகுந்தது. இளம் ஓவியர் தனியே வாங்குவது அரிது. லலித் கலா அகாதமி 1976-ல் தில்லி கர்ஹி கிராமத்தின் பழைய மதில்களுக்குள் பொதுப் பட்டறைகளை அமைத்ததன் பயன் இதுதான். அரசுப் பணம் கலைக்கு எதற்கு என்று கேட்போர், அத்தகைய பட்டறையில் ஒரு பகலைக் கழித்துப் பார்க்கலாம். செம்பின் விலையும் சுமைதான். அதனால் மாணவர் பலர் துத்தநாகத்துக்கு மாறிவிடுகின்றனர். அதில் செம்பைப் போல் நுண்கோடு நிற்பதில்லை. தகடும் விரைவில் தேய்ந்துவிடும்.

தாளின் அடியில் பென்சிலால் 3/25 என்று எழுதப்பட்டிருந்தால், 25 பிரதிகளில் அது மூன்றாவது. வாங்குவோர் தாளைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் நாற்புறமும் தெரியும், மை விரலுக்குச் சற்றே தட்டுப்படும். இருபத்தைந்தாவது தாள் எடுத்தபின், மேலும் அச்சிட இயலாதவாறு தகட்டின் குறுக்கே ஓவியரே ஆழமான கோடு ஒன்றைக் கீறிவிடுவது வழக்கம்.