சந்தேகம் தீரும்வரை காத்திருக்கலாமா?

வத்திராயிருப்பிலிருந்து மகாராஜபுரம் வழியாகத் தாணிப்பாறைக்குச் செல்லும் சாலையில், அமாவாசையும் பௌர்ணமியும் வந்துவிட்டால், சதுரகிரி மலைக்குப் போகும் பக்தர் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் கனமழை பெய்யக்கூடும் என்று வானிலை ஆய்வு மையம் எச்சரிக்கும் நாட்களில் வனத்துறையினர் அடிவாரத்திலேயே வழியை அடைத்துவிடுகிறார்கள். அடைத்த நாளில் மழை பெய்யாமலே போவதும் உண்டு. வெகுதூரம் பயணம் செய்து வந்தவர்கள் மனம் நொந்து திரும்புவதும் உண்டு. எனினும், மலை உச்சியில் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்பவன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதையும், செங்குத்தான பாறைச் சரிவுகளில் வழிந்திறங்கும் நீர் கணுக்காலளவு ஓடையைச் சிறிது நேரத்தில் ஆளை அடித்துச் செல்லும் காட்டாறாக மாற்றிவிடும் என்பதையும், 2015 மே மாதத்தில் அத்தகைய வெள்ளத்தில் சிக்கிப் பக்தர்கள் மாண்டதையும் அறிந்த எவரும் அந்தத் தடையை அநாவசியம் என்று சொல்லத் துணியமாட்டார்கள். மழை நிச்சயமாக வரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. வந்தால் போகும் உயிர் திரும்பாது என்பதே தடைக்குப் போதுமான காரணம்.

பூமியின் சீதோஷ்ண நிலை மாறிவருவதைப் பற்றிய பெரிய விவாதத்திலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: சந்தேகம் தீரும்வரை காத்திருக்கலாமா? விஞ்ஞானிகளே எல்லாவற்றையும் அறுதியிட்டுச் சொல்லாதபோது, நிலக்கரியைக் குறைப்பதற்கும் காடுகளைக் காப்பதற்கும் இன்றே பொருள் செலவிடுவானேன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடை சொல்லுமுன், எது நிச்சயம், எது அநிச்சயம் என்று பிரித்துப் பார்ப்பது நியாயமாகும்.

கரியமிலவாயு வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் இயல்புடையது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சோதனைச்சாலையில் கண்டறியப்பட்ட உண்மை. காற்றில் அதன் அளவு பெருகினால் பூமியின் உஷ்ணம் உயரும் என்று ஸ்வீடன் தேசத்து ஸ்வான்டே அரேனியஸ் 1896-இலேயே கணக்கிட்டார். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்கு அளவில் இருந்த அந்த வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியை நோக்க, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் பூமியின் சராசரி உஷ்ணம் சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. இவற்றில் சந்தேகத்துக்கு இடமில்லை.

சந்தேகம் இருப்பது வேறிடத்தில். காற்றிலுள்ள கரியமிலவாயு இருமடங்கானால் உஷ்ணம் எவ்வளவு ஏறும் என்ற கேள்விக்கு, 1979-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜூல் சார்னியின் தலைமையில் கூடிய குழு 1.5 முதல் 4.5 டிகிரி வரை என்று விடை கூறியது. நாற்பது ஆண்டு ஆராய்ச்சிக்குப் பின், 2021-இல் ஐக்கிய நாடுகளின் பருவநிலைக் குழு அந்த இடைவெளியை 2.5 முதல் 4 டிகிரி என்று சுருக்கியது. மேகங்களின் நடத்தையும், காற்றில் மிதக்கும் புகைத்துகள்களின் விளைவும் இன்னும் முற்றாகப் பிடிபடவில்லை. ஒரு மாவட்டத்தின் மழை கூடுமா குறையுமா என்று கேட்டால் விடை மேலும் மங்கலாகிவிடுகிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலைக்கு அப்பால் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்து, ஐப்பசி கார்த்திகை மழையையே பெரிதும் நம்பியிருக்கும் நம் பகுதிக்கு இந்த மங்கல் சிறிய விஷயமன்று.

ஆனால் சந்தேகம் என்பது இருபுறமும் சாயக்கூடியது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நினைத்ததைவிடக் கேடு குறைவாக இருக்கலாம் என்பது எவ்வளவு சாத்தியமோ, அதிகமாக இருக்கலாம் என்பதும் அவ்வளவு சாத்தியமே. அன்றியும் இவ்விரு தவறுகளும் சமமானவை அல்ல. அளவுக்கு மிஞ்சி முன்னெச்சரிக்கை செய்தோமாயின் சிறிது பொருள் நஷ்டம். அதைப் பின்னர் ஈடுசெய்து கொள்ளலாம். செய்யாமலிருந்து கேடு பெரிதாகிவிட்டாலோ, காற்றில் கலந்த கரியமிலவாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் அங்கேயே தங்கியிருக்கும். அதைத் திரும்ப அழைக்க வழியில்லை.

முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் உலகம் விவேகத்தோடு நடந்த சந்தர்ப்பமும் உண்டு. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று மொலினாவும் ரௌலண்டும் 1974-இல் எழுதியபோது, அது ஓர் அனுமானமாகவே இருந்தது. அமெரிக்கா 1978-இலேயே தெளிப்பான்களில் அவற்றைத் தடைசெய்யத் தொடங்கியது. அண்டார்டிகாவின் மேல் ஓசோன் துவாரம் அறிவிக்கப்பட்டதோ 1985-இல்தான். இரண்டே ஆண்டுகளில் மான்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. இதற்கிடையே சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வீ. ராமநாதன், அதே வாயுக்கள் கரியமிலவாயுவைவிடப் பன்மடங்கு வலிமையோடு வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன என்று 1975-இல் நிறுவினார். ஆகவே ஓசோனைக் காக்கச் செய்த காரியம் பூமியின் உஷ்ண உயர்வையும் ஓரளவு தணித்தது. பாதி அறிவோடு செய்த நற்செயல் முழு அறிவு வந்தபின் இருமடங்கு பலன் தந்தது.

முழுமையான விஞ்ஞான நிச்சயம் இல்லையென்பதைச் சாக்காகக் காட்டிப் பரிகாரத்தை ஒத்திப்போடக் கூடாது என்று 1992-இல் ரியோ நகரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்டன. அந்தத் தத்துவத்தை இந்தியச் சட்டத்தின் அங்கமாக உச்ச நீதிமன்றம் 1996-இல் அறிவித்ததும், நம் மாநிலத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்ததைப் பற்றிய வேலூர் வழக்கில்தான்.

இந்தத் தத்துவம் நம் கண்மாய்க் கரைகளுக்குப் புதியதன்று. பழைய கலுங்கின்மேல் வரிசையாக நடப்பட்டிருக்கும் கற்களைக் கவனியுங்கள். மழைக்காலத்தில் அவற்றின் இடைவெளி திறந்தே கிடக்கும். மிகுவெள்ளம் கரையை உடைக்காமல் வழிந்தோடும். பருவம் முடியும் தறுவாயில் அந்த இடைவெளிகளைப் புல்கரணையும் களிமண்ணும் வைத்து அடைத்து, நீர்மட்டத்தைச் சற்று உயர்த்திச் சேமித்துக்கொள்வார்கள். எவ்வளவு மழை வரும் என்று அறியாதவர்கள், அறியாமையையே கணக்கில் சேர்த்துக் கட்டிய கட்டுமானம் அது. வடகிழக்குப் பருவமழை 2016-இல் தமிழகத்தில் 62 சதவீதம் பொய்த்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இரண்டுக்கும் ஈடுகொடுக்க வல்லது தூர்வாரிய கண்மாயும் பழுதற்ற கலுங்கும் ஆக்கிரமிப்பற்ற வரத்துக்கால்வாயுமே.

சதுரகிரி மலையைச் சூழ்ந்து மேற்கே தெரியும் காடுகளும் அப்படியே. சாம்பல் நிற அணில்களின் புகலிடமாகப் பாதுகாக்கப்பட்டு, 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான அந்த வனமே பிளவக்கல் அணைகளுக்கு நீர் தரும் ஓடைகளின் தாய்மடி. மழை கூடினால் மண்ணரிப்பைத் தடுக்கும். குறைந்தால் ஊற்றைக் காக்கும். காட்டைக் காத்து நஷ்டப்பட்டவர் எவருமில்லை.

நிலக்கரிப் புகையைக் குறைக்கும் பெரும் பொறுப்பு செல்வ நாடுகளுக்கும் அரசுகளுக்கும் உரியது. அதை வற்புறுத்திக் கேட்பது நம் உரிமை. கண்மாயையும் காட்டையும் காப்பதோ நம் கைக்கெட்டிய காரியம். இந்த ஐப்பசி மழைக்கு முன் உங்கள் ஊர்க் கிராமசபையில் எழுந்து, வரத்துக்கால்வாயின் நிலை என்ன, கலுங்கு பழுதுபார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். மழை எவ்வளவு வரும் என்று அறிந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால், செய்வதற்கு நேரமிராது.