கொல்லைப்புறத்தில் ஒரு நீர்த்தட்டு

கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், காளி ஆற்றை ஒட்டிய காட்டுப்பகுதியில் கணேஷ்குடி என்னும் சிற்றூர் உள்ளது. சூபா அணை கட்டப்பட்ட காலத்தில் வெடிபொருள் வைக்கப் பயன்பட்ட கிடங்கு ஒன்று, இன்று அங்கே மாநில அரசு நிறுவனத்தின் தங்கும் விடுதியாக விளங்குகிறது. அதன் முற்றத்தில் மரநிழலில் வைக்கப்பட்டிருக்கும் சில நீர்த்தொட்டிகளுக்காகவே ஒளிப்படக் கலைஞர்கள் பலர் அவ்விடம் தேடி வருகின்றனர். காட்டில் நாள் முழுதும் அலைந்தாலும் கண்ணில் படத் தயங்கும் சோலைபாடி, செந்தலைப் பூங்குருவி, அரசவால் ஈப்பிடிப்பான் ஆகியவை அங்கே நீராட வருகின்றன.

பறவையைத் துரத்திச் செல்வதைவிட, அது தானே விரும்பி வரும் இடத்தை அமைப்பது மேல் என்பதே அம்முற்றம் உணர்த்தும் பாடம். காடு அருகில் இல்லாத நம் வீட்டுக் கொல்லைப்புறத்திற்கும் இது பொருந்தும்.

பலரும் முதலில் தானியம் தூவவே எண்ணுவர். ஆனால் தானியத்திற்குப் புறாவும் மைனாவும் காகமுமே கூட்டமாக வரும். பூச்சியுண்ணும் பறவைகளும் தேன்சிட்டுகளும் அதை நாடா. தண்ணீரோ எல்லாப் பறவைகளுக்கும் வேண்டும். எனவே நம் முதலீடு அகன்ற மண்தட்டு ஒன்றாக இருந்தால் போதும். நீரின் ஆழம் 2 முதல் 5 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். சிறு பறவைகள் கால் ஊன்றச் சொரசொரப்பான கல் ஒன்றை நடுவில் வைக்கலாம். மேலே துளையிட்ட பானை ஒன்றைத் தொங்கவிட்டால், சொட்டும் நீரின் ஒலியே அழைப்பாக அமையும்.

தட்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் செம்பருத்தி, இட்லிப்பூ போன்ற புதர்ச்செடி இருப்பது நன்று. வல்லூறு வந்தால் பறவைகள் அதனுள் ஒளிந்துகொள்ளும். பூனை பதுங்கிப் பாயவும் அத்தூரம் இடந்தராது. தட்டருகே பட்டுப்போன கிளை ஒன்றை நட்டால், பறவை இறங்குமுன் அதில் அமர்ந்து சுற்றிலும் நோக்கும். நல்ல படம் பெரும்பாலும் அக்கணத்தில்தான் கிடைக்கும். கிளைக்குப் பின்னால் நான்கைந்து மீட்டர் இடைவெளி விட்டே செடிகள் இருக்கவேண்டும். அப்போதுதான் படத்தின் பின்புலம் மங்கலான பசுமையாக அமையும்.

காலை வெயில் நம் முதுகுப்புறமிருந்து விழுமாறு இருக்கையைத் தேர்ந்துகொள்வோம். தோட்டங்களில் கட்டும் பச்சை நிழல்வலையை நான்கு கழிகளில் கட்டி, பறவையின் கண்மட்டத்தில் ஒரு துளையிட்டால் மறைவிடம் ஆயத்தம். 300 அல்லது 400 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ளவர்கள், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் ஷட்டர் வேகத்தில் தொடங்கலாம். கைப்பேசி மட்டுமே உள்ளவர்கள் அதைத் தட்டருகே முக்காலியில் நிறுத்தி, காணொளியாகப் பதிவு செய்யலாம். முதல் சில நாள்களுக்குப் படமெடுக்காமல், பறவைகள் அவ்விடத்தோடு பழக விட்டுவிடுவது நலம்.

இங்கே நாம் மறக்கலாகாத ஒன்றுண்டு. நம்மை நம்பிப் பறவை வருகிறது. அந்நம்பிக்கைக்கு ஊறு விளைவிக்கும் படம் எத்துணை அழகாயினும் வேண்டாம். கூட்டை நெருங்கிப் படமெடுத்தால் தாய்ப்பறவை முட்டைகளைக் கைவிடக்கூடும். காகங்களுக்கும் கூடு இருக்குமிடம் தெரிந்துவிடும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டால், போட்டிப் பறவை வந்ததாக எண்ணி அது இரைதேடலையும் குஞ்சுகளையும் விட்டு அலையும். பளிச்சிடும் விளக்கையும் தவிர்ப்போம். அழுக்கு நீர் பறவைகளிடையே நோய் பரப்பும். தேங்கிய நீரில் கொசுவும் பெருகும். ஆகவே நாள்தோறும் தட்டைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றவேண்டும். வானத்தைப் பிரதிபலிக்கும் சன்னல் கண்ணாடியில் பறவைகள் மோதாதிருக்க, வெளிப்புறத்தில் நெருக்கமாகக் கோடுகளோ புள்ளிகளோ ஒட்டிவிடலாம்.

எடுத்த படங்கள் நம் கைப்பேசியிலேயே தங்கிவிட வேண்டியதில்லை. ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாள்கள் நடைபெறும் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் நம் நாட்டினரும் பங்கேற்கின்றனர். பதினைந்து நிமிடம் உற்றுநோக்கி, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் ‘இ-பேர்ட்’ செயலியில் பதியலாம். நம் வீட்டுக் குறிப்பும் ஆய்வாளர்களுக்குப் பயன்படும்.

கோடை விடுமுறைக்கு வெளியூர் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு சொல். தண்ணீர் மிகவும் தேவைப்படும் காலம் அதுவே. பூட்டிய வீட்டின் சாவியோடு, நீர்த்தட்டை நிரப்பும் பொறுப்பையும் அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்வோம்.