பயனர் பதிவகத்தில் தமிழர் பெயர்

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கல்லூரி வலைவாசல் அமைக்கிறது எனக் கொள்வோம். ஆசிரியர், மாணவர் விவரங்களை ஓர் அடைவில் தொகுத்து, அதனையே வலைவாசல் வழங்கியின் பயனர் பதிவகமாக இணைக்கலாம். வழங்கி அடைவைக் கேட்டறியும் நெறிமுறை எல்.டி.ஏ.பி.; அது 1993ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது.

ஓர் ஆளைப் பதிய, அந்நெறிமுறை முழுப்பெயர், குடும்பப்பெயர் என்னும் இரு புலங்களைக் கட்டாயமாகக் கேட்கிறது. நம்மிற் பலர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. அடையாள அட்டையில் இயற்பெயரை அடுத்து, மகன் அல்லது மகள் எனப் பொருள்படும் மலாய்ச் சுருக்கமும் தந்தை பெயருமே வருகின்றன. தந்தை பெயரைக் குடும்பப்பெயராக இட்டால், முருகனின் மகள் கயல்விழியை வலைவாசல் 'முருகன்' என வரவேற்கக்கூடும்.

இதனைத் தவிர்க்க வழியுண்டு. குடும்பப்பெயர்ப் புலத்திலும் இயற்பெயரையே இடுக. ஒரே பெயர் பலர்க்கு இருக்குமாதலால், நுழைவுக்குப் பெயரைக் கொள்ளாது மாறாத பயனர் எண்ணைக் கொள்க. விளிக்கும் பெயரைத் தனிப்புலத்தில் வைத்து, திரையில் அதுவே தோன்றுமாறு வழங்கியில் குறித்திடுக. 1997ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு யூ.டி.எஃப்-8 குறியீட்டை ஏற்பதால், அப்பெயரைத் தமிழிலேயே எழுதலாம். அப்போது கயல்விழி, கயல்விழியாகவே வரவேற்கப்படுவார்.